சீசர் சோபாவில் தூங்குகிறான்

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஒரு டாஷண்ட் நாயைப் பார்த்தேன். நீளமான உடம்பு, சாண் உயரம்கூட இல்லாத கால், தரையைக் கூட்டும் காது. போதாததற்குச் சிவப்பு ஸ்வெட்டர் வேறு. அதைக் குழந்தைபோல் தூக்கி வைத்திருந்த பையன் கோயம்புத்தூர்க்காரன், சாஃப்ட்வேர் வேலை. "படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அங்கிள், முதுகு போயிருமாம்" என்றான். கீழே வந்து கதவு திறந்ததுதான் தாமதம், அந்த நோயாளி அவன் கையிலிருந்து குதித்து நேரே புல்வெளிக்கு ஓடி, முன்னங்கால்களால் தோண்ட ஆரம்பித்தது. அசோசியேஷன் செக்ரெட்டரி "ஏய் ஏய்" என்று ஓடி வருவதற்குள் முழங்கை ஆழத்துக்குக் குழி. ஈரமண் வாசனை குப்பென்று ஏறியது.

அந்த வாசனையில் நான் எட்டு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். சர்ஜாபுரம் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் சூப்பர்வைசர். தொண்ணூறுகளில் பெங்களூரைச் சுற்றி யாரிடம் நாலு ஏக்கர் இருந்தாலும் பாலிதீன் கூடாரம் போட்டு வெளிநாட்டுக்கு ரோஜா அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். பி.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு மர்பி டவுன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கும் அந்தப் புண்ணியத்தில் ஒரு வேலை கிடைத்தது. சொட்டுநீர்க் குழாய்கள் என் பொறுப்பு. குழாய் அடைத்தால் நான், உடைந்தால் நான், ரோஜா முகம் வாடினாலும் நான்.

குழாய்களை உடைத்தது எலி. கோடை வந்தால் தண்ணீருக்காகக் கடிக்கும், மழை வந்தால் பல் ஊறுகிறது என்று கடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பாத்தி குளமாகவும் அடுத்த பாத்தி பாலைவனமாகவும் இருக்கும். பண்ணைச் சொந்தக்காரர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் என்றால் ஆளுயரம் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எலியை ஒழிக்க ஒரு டாபர்மேனைக் கொண்டுவந்தார். பெயர் டைகர். டைகர் எலியைக் கண்டால் எழுந்து நின்று வழிவிடும். அவ்வளவு மரியாதை தெரிந்த நாயை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இதே சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வேறொரு கஷ்டம் வந்தது. அம்மா குக் டவுனில் ஒரு பங்களாவில் பதினைந்து வருடமாக ஆயா. அந்த வீட்டு டெய்சி மேடம் மகளோடு இருக்க லண்டன் கிளம்பியபோது பீங்கான் தட்டுகளை அக்கா தங்கைகளுக்குக் கொடுத்தார். சீசரை அம்மாவுக்குக் கொடுத்தார். சீசர் ஒரு டாஷண்ட். குட்டியிலிருந்து அம்மா பாலூட்டி வளர்த்தது. "முனியம்மா, ஹி இஸ் மை பேபி. சோபாலதான் படுக்கும், பாத்துக்கோ" என்று மேடம் அழ, "நான் இருக்கேன் மேடம்" என்று அம்மாவும் அழ, நான் நாயிடமிருந்து பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு நாய் என்றால் பயம்.

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு, ஒரே அறை. சோபா என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. சீசருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் புரியும். அம்மா பதினைந்து வருடத்தில் பொறுக்கிய இங்கிலீஷையெல்லாம் அதனிடம்தான் பேசினாள். "கம் சீசர், ஈட் சீசர், நோ சீசர்!" இதைக் கேட்கத் தெருப்பிள்ளைகள் வாசலில் கூடுவார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைப் பார்த்து சீசர் நாள் முழுக்கக் குரைத்தது. எட்டாம் நாள் வீட்டுக்காரர் வந்து, நாயா நீங்களா என்று கேட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு பையில் வைத்துப் பண்ணைக்குத் தூக்கிப் போனேன். அங்கே பூ வெட்டும் பெண்களுக்கு மேஸ்திரி கௌரம்மா. பையிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும், "ஏன் சாமி, காலெல்லாம் ஊட்ல மறந்துட்டு வந்துட்டியா?" என்று சிரித்தாள். மேஜர் சிரிக்கவில்லை. "இது நாயா, தலையணை உறையா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் தலையணை உறையைக் காணோம்.

மூன்றாம் கூடாரத்தில் பாத்தி ஓரத்து வளைக்குள் பாதி உடம்பு போயிருந்தது. வெளியே வால் மட்டும் பம்பு கைப்பிடி மாதிரி ஆடியது. மண் சிதறியது, இரண்டு செடிகள் சாய்ந்தன, என் வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சீசர் என்னளவு பெரிய ஒரு பெருச்சாளியை இழுத்துவந்து மேஜரின் ஷூமேல் போட்டது. நான் மிகைப்படுத்துவது உண்டு, ஆனால் மேஜர் பின்னால் நகர்ந்தது நிஜம். அந்த வருடக் கோடையில் கடிபட்ட குழாய்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நாயைப் பற்றி நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கெல்லாம் தப்பு. பக்கத்து மாட்டுப் பண்ணையில் ஒரு பாமரேனியன் இருந்தது. அப்போது பெங்களூரில் வீட்டுக்கு வீடு டி.வி. பக்கத்தில் ஒரு பாமரேனியன் பொம்மைபோல உட்கார்ந்திருக்கும். இது யார் வீட்டிலோ குரைத்துத் தொலைத்ததால் துரத்தப்பட்டது. வீட்டில் எது குற்றமோ அதுவே பண்ணையில் உத்தியோகம் ஆகிவிட்டது. பாம்பு வந்தால் குரைக்கும், மாடு வேலி தாண்டினால் குரைக்கும், பால்காரர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாலும் குரைக்கும் என்பார்கள். இருபது எருமைகள் அந்தப் பஞ்சுப் பொதிக்குப் பயந்து வரிசையில் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி நாங்கள் செய்த பாவத்துக்கு வருகிறேன். லண்டனிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அம்மா சொல்லச்சொல்ல நான் பதில் எழுதுவேன். "சோபால தூங்குதுன்னு எழுது."

"எந்த சோபாம்மா?"

"நீ எழுதுடா. அவங்க அங்க நிம்மதியா இருக்கட்டும்."

சீசர் சோபாவில் தூங்குகிறான். கொத்துக்கறி சாப்பிடுகிறான். ஞாயிறுதோறும் குளிக்கிறான். உண்மையில் ஞாயிறுதோறும் அம்மா இரண்டு பஸ் மாறிப் பண்ணைக்கு ஈரலும் ரொட்டியும் கொண்டுவருவாள். அதைத் தின்றுவிட்டு சீசர் சாணிக்குழியில் புரளப் போய்விடும். மேடம் ஒருமுறை போட்டோ கேட்டார். அல்சூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், கல்யாண ஜோடிகள் உட்காரும் சோபாவில் ரிப்பன் கட்டி உட்காரவைத்து எடுத்தோம். பின்னால் நீர்வீழ்ச்சிப் படம். மேடம் அந்தப் போட்டோவை ஃப்ரேம் போட்டுவிட்டதாக எழுதினார். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாலாம் வருடம் மேடமே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் மர்பி டவுன் வாசலில் டாக்ஸி. சோபாவும் இல்லை, நாயும் இல்லை. அம்மா டாக்ஸியில் ஏறி வழி சொன்னாளாம். நான் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது கூடார வாசலில் வெள்ளைத் தொப்பியும், அதன் பின்னால் அம்மாவின் முகமும் தெரிந்தன. அந்த முகத்தை என்னால் இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"வேர் இஸ் மை பேபி?"

பேபி வளைக்குள் இருந்தது. கௌரம்மா, "பாரோ குள்ளா, பாரோ" என்று கூப்பிட்டாள். நாலு வருடத்தில் சீசருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. வெளியே வந்தபோது மூக்கெல்லாம் சேறு, ஒரு காது கிழிந்து ஆறியிருந்தது. மேடம் பார்த்தார். "முனியம்மா, என்னா இது? என்கிட்ட என்னா எழுதினே நீ?"

சீசருக்கு ஞாபகம் இருந்தது. மண்டியிட்ட மேடத்தின் கையை மோந்து பார்த்து, ஊளையிட்டு, சேற்றோடு மடியில் ஏறிப் புரண்டது. மேடம் தொப்பி விழுந்ததுகூடத் தெரியாமல் அழுதார். நாய் தன் வீட்டாரோடு சேரட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

மேடம் கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். எல்லாம் தயார். டாக்டர் சர்டிஃபிகேட், பிளேன் டிக்கெட். அங்கே இறங்கியதும் ஆறு மாதம் அரசாங்கக் கூண்டில் தனியாக வைப்பார்களாம், அது சட்டம். பிறகு மேடத்தின் ஃப்ளாட். மூன்றாவது மாடி, கார்ப்பெட் போட்டது.

"கூண்டுலயா மேடம்? ஆறு மாசமா?" என்றாள் அம்மா.

"ஆறே மாசம்தான் முனியம்மா. அப்புறம் ராஜா மாதிரி."

அம்மா சீசரைப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் மேடம் சொன்ன எதையும் மறுத்தவள் இல்லை. திருவிழாவுக்கு லீவு கேட்கக்கூடச் சமையலறையில் அரைமணி நின்று ஒத்திகை பார்ப்பாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"நோ மேடம்" என்றாள்.

கூடாரத்தில் கத்தரிக்கோல் சத்தமெல்லாம் நின்றது. மேடம் நினைத்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், நாய் அவருடையதுதானே. காகிதங்களை மடித்து உள்ளே வைத்தார். சீசரின் கிழிந்த காதைத் தடவினார். டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார்.

சீசர் அதன்பின் மூன்று வருடம் இருந்தது. கடைசி வாரம்வரை எலி பிடித்தது. ரோஜா ஏற்றுமதி படுத்துக்கொண்டதும் மேஜர் நிலத்தை விற்றார். இப்போது அங்கே பதினான்கு மாடி நிற்கிறது. எருமைப் பண்ணை இருந்த இடம் பார்க்கிங். பாமரேனியன்களும் ஊரிலிருந்து எங்கோ போய்விட்டன.

சீசர் செத்த அன்று அம்மா மறுபடியும் கடிதம் எழுதச் சொன்னாள். சோபா இல்லை, கொத்துக்கறி இல்லை. மண்ணில் தூங்கியது, பெருச்சாளி பிடித்தது, ரோஜாச் செடிக்குக் கீழே புதைத்தோம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள், அப்படியே எழுதினேன். எங்கள் பொய்க்கெல்லாம் தவறாமல் பதில் போட்டவர் மேடம். இதற்கு வரவில்லை. ஆறு மாதம் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. பிறகு ஒருநாள், "வீடு மாறிப்போயிருப்பாங்கடா" என்று சொல்லிவிட்டு, கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.