தறியில் கம்பளி இல்லை: திருத்தணி வழியாக ஓர் ஓய்வுநாள் பயணம்

போன ஆடி மாதம், கிருத்திகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை திருத்தணிக்குப் போனேன். மலைக்கு அல்ல. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற வழியில் இருக்கும் ஒரு நெசவு ஊருக்கு. நான் இங்கே எழுதிவரும் தோரா பாடங்களை ரொம்ப நாளாக வாசிக்கிற சுலோச்சனா அன்று காலை போன் செய்து அழுததுதான் காரணம்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். நாங்கள் யேசுவாவை, அதாவது இயேசுவை, மேசியாவாக நம்புகிறவர்கள். ஆனால் அவர் வந்துவிட்டதால் மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவை மூடிவைத்துவிடலாம் என்று நினைக்காதவர்கள். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை எங்களுக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் நான் சமைப்பதில்லை, பயணம் செய்வதில்லை, போனைத் தொடுவதில்லை. நான் போதகர் அல்ல. பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். எபிரெயத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் சிலர் கூடி வாசிக்கிறோம், அவ்வளவுதான்.

சுலோச்சனா சொன்னது இது: "அக்கா, அவரு தறிய நிறுத்திட்டாரு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள பாவ அறுத்துடப் போறேன்னு சொல்லிகினு கீறாரு. தீட்டுப்பட்ட நூலு ஓய்வுநாள்ல ஊட்ல இருக்கக் கூடாதாம்."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் நூல். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு முறை அறுத்தால் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். சுலோச்சனாவின் கணவர் ஏழுமலை பருத்திப் பாவில் குறுக்காகப் பாலியஸ்டர் ஊடை போட்டுச் சேலை நெய்பவர். ஊர் ஊராகப் போய்ப் போதிக்கிற ஒருவர் முந்தைய வாரம் அவர்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு வகை நூல் கலந்த துணி கடவுளுக்கு அருவருப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றோடு விசைத்தறியின் சத்தம் நின்றுவிட்டது.

தறிகள் ஓடுகிற கொட்டகை ஏழுமலைக்கும் அவருடைய அண்ணன் முனிரத்தினத்துக்கும் பொது. அண்ணன் முருக பக்தர், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர். தம்பியின் விசுவாசத்தை இத்தனை வருடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் பாவை அறுத்தால் அன்றே வீட்டையும் கொட்டகையையும் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசப் பார்த்தேன். ஏழுமலை போனை வாங்கவில்லை.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குப் பெரம்பூரில் திருத்தணி மின்சார ரயிலில் ஏறினேன். சாதாரண நாளில் இரண்டு மணி நேரப் பயணம். ஏறும்போதே மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகப் பெட்டி நிறைந்திருந்தது. அரக்கோணத்துக்கு முன்னால் ரயில் நின்றது. நின்றே இருந்தது. எனக்கு உட்கார இடம் கொடுத்த அம்மா, "எத்தினி மணிக்கு மலையேறணும் உனக்கு? இப்பிடி வாச்சையே பாத்துகினு கீற?" என்றார். நான் மலையேற வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "போயிடுவ, அவன் பாத்துப்பான்" என்றார். எந்த அவன் என்று நான் கேட்கவில்லை.

திருத்தணியில் இறங்கும்போது ஐந்தேகால். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸைக் காணோம். கூட்டத்துக்காக வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். நாலைந்து ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். கடைசியில் ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்குச் சம்மதித்தார். பெயர் சீனு, நாற்பது வயது இருக்கும். ஊரைத் தாண்டவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காவடிகள் போகப்போக ஒதுங்கி நின்றோம். பம்பைச் சத்தம் ஆட்டோவின் தகரத்தில் அதிர்ந்தது.

சாலை காலியானதும் சீனு விரட்டினார். இருந்தும் ஊருக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போது சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாக்கா, வாந்தி வருதா?"

"இல்லீங்க. பொழுது சாஞ்சிடுச்சு. இதுக்கு மேல நான் வண்டியில வரக் கூடாது."

"யாரு சொன்னா?"

"கடவுள்."

சீனு என்னை ஒருமுறை பார்த்தார், சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இங்கயே எறங்கிக்கன்னு அவரேவா சொன்னாரு? ஒரு டீக்கடகூட இல்லியேக்கா."

இறங்கி நின்றேன். நடந்தால் ஒன்றரை மணி நேரம், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருபது வருடத்தில் ஓய்வுநாள் பிறந்த பிறகு நான் வண்டியில் உட்கார்ந்ததில்லை. அப்பா இறந்த வெள்ளிக்கிழமைகூட, செய்தி இரவு வந்ததால், சனி மாலைதான் கிளம்பினேன். சொந்தக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அப்போது பைக்குள் போன் அடித்தது. எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"அக்கா, ஒரு தறி போச்சு. அறுத்துட்டாரு. இன்னொண்ணுக்கு பாவா குறுக்க ஒக்காந்துகினாரு. ஊரே கூடிகினு கீது." கணவரின் அண்ணனை அந்தப் பக்கம் பாவா என்பார்கள்.

உங்கள் மாடு ஓய்வுநாளில் குழியில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று மேசியா கேட்டதை மொட்டை மாடியில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். பாயில் உட்கார்ந்துகொண்டு நடத்துவது சுலபம். ஆட்டோவில் ஏறி, "ஓட்டுங்க" என்றேன். குற்றம் செய்கிறவளைப் போலத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகை வாசலில் இருபது பேராவது இருப்பார்கள். கையில் வேதப் புத்தகத்தோடு இறங்கிய என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "ஆள் வந்திச்சு பாருடா, மதம் மாத்தற ஆளு" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். இன்னொருவர் ஆட்டோவின் முன்னால் போய் நின்றுகொண்டார். சீனு வண்டியை அணைக்கவில்லை.

உள்ளே நான்கு தறிகள், வலப்பக்கத்து இரண்டையும் ஓட்டுவது ஏழுமலை. வலப்பக்கம் முதல் தறியில் அறுபட்ட நூல் தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தறியின் முன்னால் மஞ்சள் வேட்டியில் ஒரு பெரியவர் கால் மடக்கி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே கத்தரிக்கோலோடு ஏழுமலை. சுலோச்சனா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீங்கதான் தறிய நிறுத்தச் சொன்னவங்களா?" என்றார் முனிரத்தினம். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இல்லீங்க. ஓட்டச் சொல்ல வந்தவ."

அவர் நகரவில்லை. ஆனால் வாசலைப் பார்த்து, "உள்ள வரட்டும் வுடு" என்றார்.

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். தூங்கி நாளான கண்கள். "எதுல வந்தீங்க?"

"ஆட்டோல."

"பொழுது சாஞ்சப்பறமா?"

"ஆமா."

"ஓய்வுநாள மீறி வந்து எனக்கு வேதம் சொல்றீங்களா? அந்த ஐயா ரெண்டு நாளு இங்க இருந்தாரு. சனிக்கெழம வாசப்படிகூடத் தாண்டல. நான் யார நம்பறது, சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் கேட்டது நியாயம்.

"என்ன நம்ப வேணாம். மாடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்குன்னார் மேசியா. அதான் வந்தேன்."

"நானு மாடா?"

"குழியில கீற இல்ல?" என்றார் முனிரத்தினம்.

யாரும் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தறியின் பலகைமேல் வைத்துத் திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஏழுமலையே வாசிக்கட்டும் என்று விரலால் இடத்தைக் காட்டினேன். உபாகமம், இருபத்திரண்டாம் அதிகாரம். வீட்டுக்கு வந்து போதித்தவர் காட்டியதும் அந்த இடம்தான். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆட்டுமயிரோடு பஞ்சுநூல் என்ற சொல் வந்திருக்கிறது. பருத்தி நெய்கிறவனுக்கு அந்தச் சொல் கத்தி மாதிரி விழுந்திருக்க வேண்டும். எபிரெயத்தில் அது பிஷ்தீம். ஆளிவிதை வாங்குகிறோமே, அந்தச் செடியின் நார். மோசேயும் ஜனங்களும் எகிப்தில் பார்த்த துணி அது. நம் பருத்தி அவர்கள் வயலில் இல்லை. தடை, ஆட்டுக் கம்பளியையும் அந்த நாரையும் சேர்த்து உடுத்துவதற்குத்தான்.

"உங்க தறியில கம்பளி இருக்கா?" என்றேன்.

"இந்த வெயிலுக்குக் கம்பளிய எவன் நெய்வான்?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

ஏழுமலை விடவில்லை. "அப்போ கலப்புன்னா அருவருப்புன்னு அவரு சொன்னது?"

அதற்கு யாத்திராகமத்தைத் திருப்பினேன். பிரதான ஆசாரியர் அணியும் ஏபோத்து என்ற மேலாடை. சாயம் தோய்த்த நூலும் அந்த நாரும் ஒன்றாக நெய்தது. சாயநூல் கம்பளி என்றுதான் யூத ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். வேதம் இந்தத் தடைக்குக் காரணம் சொல்லவில்லை. ஆனால் கலப்பு அழுக்கு என்பதால் விலக்கப்படவில்லை, கடவுளின் சந்நிதிக்கு என்று ஒதுக்கப்பட்டதால் மற்றவர்களுக்கு விலக்கப்பட்டது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

"அழுக்கு இல்லியா?" என்றார் ஏழுமலை. அதையே மறுபடியும் கேட்டார். அவர் கேட்டது நூலைப் பற்றி மட்டுமில்லை என்று தோன்றியது. பதினாறு வயதிலிருந்து அந்தக் கை செய்த வேலை முழுவதையும் பற்றி.

"இல்லைங்க. கடவுள் சொன்னதுல ஒண்ணையும் குறைக்காதேன்னு இருக்கு. கூட்டாதேன்னும் அதே வாக்கியத்துல இருக்கு. அந்த ஐயா கூட்டிட்டார்."

ஏழுமலை கத்தரிக்கோலைப் பலகைமேல் வைத்தார். பிறகு தொங்கிய நூலைக் கையில் அள்ளிப் பார்த்தவர், அப்படியே அண்ணனின் முன்னால் உட்கார்ந்து அழுதார். முனிரத்தினம் எழுந்து, வாசலில் நின்றவர்களிடம், "போங்கப்பா, அவங்கவங்க ஊட்ல வேல இல்ல?" என்றார். சீனு அப்போதுதான் வண்டியை அணைத்தார். ஓய்வுநாளில் நாங்கள் பணம் கொடுப்பதில்லை என்பதால் முனிரத்தினம் ஐந்நூறைக் கொடுத்து அனுப்பினார்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் விடியற்காலையில், அறுபட்ட தறியின் முன்னால் முனிரத்தினமும் அவர் மனைவியும் உட்கார்ந்து இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் பார்த்தது ஏழுமலைதான்.

"வேணாம்ணா. எனக்கோசரம் நீ செய்யக் கூடாது. ஊட்ல இருக்கற யாரும் அன்னிக்கு வேல செய்யக் கூடாதுன்னு எழுதிக்கீது."

"உனுக்கோசரம் எவன் செஞ்சான்? தறி பாதி என்னுது. என் பாதிய நான் பிணைக்கிறேன்."

"எந்தப் பாதிண்ணா உன்னுது?"

"இப்ப கையில கீறதுதான்."

ஏழுமலை என்னைப் பார்த்தார். பத்துக் கட்டளைகளில் நாலாவது, வீட்டிலிருக்கும் அந்நியனையும் சேர்த்துத்தான் ஓய்வெடுக்கச் சொல்கிறது. பாதி உரிமையுள்ள அண்ணன் எந்தக் கணக்கில் வருவார்? தெரியவில்லை என்று சொன்னேன். இன்றுவரை தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

அன்று முழுவதும் ஏழுமலை அந்தக் கொட்டகையை விட்டு நகரவில்லை. இழையைத் தொடவுமில்லை. விரல்கள் மட்டும் மடியில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் முனிரத்தினம் தலை நிமிராமல், "சும்மா ஒக்காந்துகினு கீறதுக்கு அதப் படி, நானும் கேக்கறேன்" என்றார். அந்த வாரம் வாசிக்க வேண்டிய தோராப் பகுதியை ஏழுமலை வாசித்தார். இடையில் அண்ணன் கேட்டார்: "உங்க சாமி ஏழாம் நாளு ஒக்காந்தாரே, களைப்பா?"

"களைப்பு இல்லண்ணா. செஞ்சத பாக்கறதுக்கு."

முனிரத்தினம் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு, "ம்" என்றார்.

மாலை நட்சத்திரம் தெரிந்த பிறகு ஏழுமலை அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து மீதி இழைகளைப் பிணைத்தார். தறி ஓடத் தொடங்கியபோது என்னால் கொட்டகைக்குள் பேசவே முடியவில்லை. அத்தனை சத்தம். சுலோச்சனா காதருகே வந்து, "தோசை ஊத்தட்டா அக்கா?" என்று கத்தினாள்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடிக் கிருத்திகையை ஒட்டிய நாட்களில் ரயில் நேரத்தை நம்ப வேண்டாம், காலையிலேயே கிளம்புங்கள். ஆர்.கே.பேட்டைக்குத் திருத்தணியிலிருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டர். மற்ற நாட்களில் டவுன் பஸ் உண்டு. கனகம்மாசத்திரம் வழியாகச் சாலையில் வருகிறவர்கள் கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் காப்பவர்கள் வியாழக்கிழமையே போய்விடுவது நல்லது. வேதம் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒன்று: யாருடைய தொழிலையாவது பாவம் என்று சொல்வதற்கு முன்னால் அவர் வேலை செய்கிற இடத்தில் ஒரு பகல் உட்கார்ந்திருங்கள்.

அந்த ஓய்வுநாளை நீ மீறினாயா, காத்தாயா என்று எங்கள் மாடிக் கூட்டத்தில் கேட்டார்கள். சாலையோரம் இறங்கி அங்கேயே உட்கார்ந்திருந்தால் அதைச் சுத்தமாகக் காத்திருப்பேன் என்று சொன்னேன். ஒரு வீடு இரண்டாகியிருக்கும்.