கூப்பிட்டால் போக வேண்டியவன்

இப்போதெல்லாம் நான் ஹெலிகாப்டர் ஓட்டும்போது பின்னால் இருப்பவர்கள் தூங்குகிறார்கள். மும்பை ஜுஹூவிலிருந்து கிளம்பி, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுவிடுவது என் வேலை. கரை மறைவதற்குள் தலைகள் தொங்கிவிடும். விமானப்படையில் நான் ஏற்றிச் சென்ற ஜவான்கள் தூங்கிப் பார்த்ததில்லை. பனிமலை இடுக்கில் சக்கரம் தரையில் படும்வரை கம்பியை இறுகப் பிடித்திருப்பார்கள்.

நம் வள்ளியூர்ப் பக்கம் நான் வரும்போதெல்லாம், “ஏம்ப்பா ஏர்ஃபோர்ஸை விட்டுட்டு வந்த?” என்று ஊர்க்காரர்கள் நீங்கள் கேட்கிறீர்கள். அங்கே நின்று சொல்ல வரவில்லை. செம்பூரில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் குறுகிய காலப் பணியில் சேர்ந்தவன். காலம் முடியும்போது இரண்டு வழி இருந்தது. நிரந்தரமாகத் தொடரலாம், அல்லது வெளியே வந்து, போர் மூண்டால் கூப்பிடட்டும் என்று ரிசர்வ் பட்டியலில் பெயரை விட்டுவைக்கலாம். தொடர்ந்தால் அடுத்த இடம் அருணாசல மலைகள். என் மனைவி செல்வி தாராவியில் பிறந்தவள்; அவள் பெற்றோரும் நம் பக்கத்துக்காரர்கள்தான். எனக்காக ஊர் ஊராகச் சாமான் கட்டியவள், குடும்பத்துக்கு இடமில்லாத ஒரு முகாமுக்கு என்னை மாற்றியபோது தாராவிக்குத் திரும்பி, சில பெண்களோடு பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறை தொடங்கியிருந்தாள். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, தொடரட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“போறதுன்னா போங்க. நான் தடுக்கலைல்லா. ஆனா இந்தத் தடவ நான் சாமான் கட்ட மாட்டேன்.”

“லீவுல வருவேன்லா.”

“நம்ம மாலினி உங்களுக்குத் தனி டம்ளர்ல தண்ணி கொண்டாந்து வைக்கா, பாத்தீங்களா? விருந்தாளிக்கு வைக்க மாதிரி.”

மாலினி எங்கள் மகள். அடுத்த வாரம் விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். இருங்கள் என்று செல்வி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

வெளியே வந்ததும் குடியேறிய செம்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு சாவந்த், ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்ற மராத்திக்காரர். ரிசர்வில் இருக்கிறேன் என்றதும், “மத்லப் வெயிட்டிங் லிஸ்ட்?” என்று, அப்படியென்றால் காத்திருப்போர் பட்டியலா என்று, கவலையாகக் கேட்டார். நான் விளக்க விளக்க அவருக்கு இரக்கம் கூடியது. “கன்ஃபர்ம் ஹோ ஜாயேகா பேட்டா” என்று தோளில் தட்டினார். எனக்கு இடம் கிடைத்துவிடுமாம்.

பிறகு எல்லையில் பதற்றம் வந்தது. என் பழைய ஸ்குவாட்ரனில், அந்த விமானப்படைப் பிரிவில், இன்னும் இருக்கும் நண்பன் ஹர்ஜீத்துக்குப் போன் செய்து, வரட்டுமா என்று கேட்டேன். “வேணும்னா கூப்பிடுவாங்க. நீ வீட்டைப் பாரு” என்றான் இந்தியில். அவனுக்குப் பின்னால் என்ஜின் உறுமியது. எந்த ரக என்ஜின் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூப்பிட்டா போவீங்களா?”

“போகணும்.”

“போகணுமா, போவீங்களா?”

அவளே போனை வாங்கிப் பார்த்தாள். “சார்ஜே இல்ல. பெறவு எப்படிக் கூப்பிடுவான்?” என்று சொல்லி, சார்ஜில் போட்டாள்.

அழைப்பு வரவில்லை. பதற்றமும் மெல்லத் தணிந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, கரை மறைந்து, மேடை இன்னும் தெரியாத கடலின் மேல் பறந்துகொண்டிருந்தேன். யார் பேசுவது என்று மேடையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள். யோசிக்காமல் பழைய ஸ்குவாட்ரனின் அழைப்புப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

“மறுபடி சொல்லுங்கள். யார் நீங்கள்?”

பக்கத்து இருக்கை விமானி திரும்பிப் பார்த்தான். பிறகு கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.