வாத்தக்கா திரும்பிப் பார்க்காத நாள்

வாத்தக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் வாத்தக்காதான்.

அவள் இருப்பது ஆன்லைன் விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனியில். விளையாடுகிறவர் வீரனாகவோ வைத்தியச்சியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம். துணைக்கு ஒரு வாத்து பின்னாலேயே வரும். அது ஒழுங்காக வருகிறதா என்று நடத்திப் பார்ப்பதுதான் மூன்று வருஷமாக இவளுக்கு வேலை. சிரிக்க வேண்டாம். நாற்பத்தாறு வயதில், கழுத்து வலியோடு, நாளுக்கு எட்டு மணி நேரம் வாத்து மேய்த்துப் பாருங்கள், தெரியும்.

அந்த வேலை அவளை வீதியிலும் விடவில்லை. காலையில் பஸ் ஸ்டாப்புக்கு மகளோடு போகும்போது பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். கல்லூரிக்குப் போகிற மகளுக்கு அன்று பொறுமை போய்விட்டது.

"ஏம்மா சும்மா சும்மா திரும்பிப் பாக்கற? நான் என்ன உன் வாத்தா?"

"பழக்கம்டி."

"நல்ல பழக்கம் போ. எல்லாரும் பாக்கறாங்க."

அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே டீம் லீடர் பிடித்துக்கொண்டாள். "வாத்தக்கா, நேத்து மட்டும் நாப்பது புகார். சந்தைத் தெருவைத் தாண்டறதுக்குள்ள வாத்து காணாமப் போகுதாம். தேடினா கிணத்துக்குள்ள கிடக்குதாம். ஒரு அம்மா அழுதே எழுதியிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள காரணம் தெரியலன்னா வாத்தையே தூக்கிடச் சொல்லி மேலருந்து உத்தரவு."

தூக்குவதாவது! உடம்பைச் சாய்த்துச் சாய்த்து அது நடக்கிற அழகுக்காகவே வாத்தக்கா லீவு போடாமல் வந்த நாட்கள் உண்டு.

உட்கார்ந்தாள், நடத்தினாள். சந்தைத் தெரு, கிணற்றடி, படிக்கட்டு, கோட்டை வாசல். வாத்து கிணற்றைச் சுற்றிக்கொண்டு, படியில் தத்தித் தத்தி ஏறி, சமர்த்தாக வந்து நின்றது. வீரனாக நடந்தாள், வைத்தியச்சியாக நடந்தாள், ஓடினாள், மழையை வரவழைத்துக்கொண்டும் நடந்தாள். முப்பத்தோரு தடவை. ஒரு தடவைகூட அது வழி தவறவில்லை.

"நாப்பது பேரும் சேந்து பொய்யா சொல்லுவாங்க?" என்று பக்கத்து மேஜைக்காரனைக் கேட்டாள். வாத்து எந்த வழியாக வர வேண்டும் என்று கம்ப்யூட்டர் நிரல் எழுதியவன் அவன். அதனால் அவனுக்கு வழிகாட்டி என்று பேர். சொந்த வீட்டுக்குப் போக மட்டும் மொபைலில் வழி கேட்பான்.

"என் பக்கம் ஒண்ணுமில்லக்கா. நீங்களே பாத்தீங்கல்ல, எவ்வளவு அழகா வருது."

அதுதானே குழப்பம்! கண்ணால் பார்த்ததை நம்புவதா, நாற்பது பேர் சொல்வதை நம்புவதா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

முப்பத்திரண்டாவது நடையில், சந்தைத் தெருவில் இருக்கும்போது மகள் போன் செய்தாள். "அம்மா, லைப்ரரி கார்டு உன் பையிலயா இருக்கு?" தானாக நடக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, குனிந்து பையைத் துழாவினாள். கார்டு கிடைத்தது, திட்டும் கிடைத்தது. நிமிர்ந்தபோது வைத்தியச்சி கோட்டை வாசலில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தால் வாத்தைக் காணோம்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கிடந்தது, பாவம், சுவரில் முட்டிக்கொண்டு.

"அடப்பாவி, இங்க வா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வழிகாட்டி நாற்காலியோடு உருண்டு வந்தான். பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ அக்கா… ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்குப் பாரம் குறையட்டும்னு ஒண்ணு எழுதினேன். வாத்து திரையில தெரிஞ்சா வழி பாத்து வரும். தெரியலன்னா கண்ண மூடிட்டு நேர்கோட்டுல வரும். சுத்தமா மறந்துட்டேன்."

போன வாரம் புதிதாக வைத்த கிணறு அந்த நேர்கோட்டில்தான் இருந்தது. விளையாடுகிறவர்கள் முன்னால் பார்த்து நடப்பவர்கள். இவளோ பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பவள். இவள் பார்த்ததனாலேயே அது ஒழுங்காக வந்திருக்கிறது!

"அப்ப மூணு வருஷமா நான் சரி பாத்தேனா, தப்பு பாத்தேனா?" என்று கேட்டாள். அவன் அதற்குள் நிரலைத் திறந்து திருத்த உட்கார்ந்துவிட்டான்.

நாலரைக்கு அவன் திருத்தி முடித்தான். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே வழி, கோட்டை வாசல் வரை திரும்பாமல் நடப்பது. இரண்டு முறை நடந்தாள். இரண்டு முறையும் கிணற்றடியில் கை தானாக மவுஸைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டது. கடைசியில் வழிகாட்டி மவுஸைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவது நடை. சந்தை போயிற்று. கிணற்றடி போயிற்று. படிக்கட்டு போயிற்று. கோட்டை வாசலில் நின்றாள். டீம் லீடரும் பின்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்கக்கா மவுஸ். இப்பப் பாருங்க."

இவ்வளவு நேரம் சொன்ன பேச்சு கேட்காத கை, பார் என்றதும் பார்க்க மறுத்தது. கிணற்றுக்குள் கிடந்தால்? பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள்.

காலடியில் நின்றது வாத்து. அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். டீம் லீடர் தோளைத் தட்டிவிட்டு மேலிடத்துக்குப் போன் செய்யப் போனாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மகள் காத்திருந்தாள். வாத்தக்கா முன்னால் நடந்தாள். இன்று திரும்புவதில்லை என்று முடிவு. பார்க்காவிட்டாலும் வருகிறது, கண்ணாலேயே கண்டாயிற்று. பேக்கரி தாண்டியது, மருந்துக்கடை தாண்டியது. கழுத்து துடித்தது. ஆனாலும் திரும்பவில்லை. தெருமுனை வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா! செருப்பு அறுந்து மருந்துக்கடைகிட்டயே நிக்கறேன், நீ பாட்டுக்குப் போயிட்டே இருக்க! ஒரு தடவையாவது திரும்பிப் பாக்கத் தோணலயா உனக்கு?"

வாத்தக்கா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி, மகளைக் கூட்டிவர மருந்துக்கடையை நோக்கி ஓடினாள்.