அண்ணன் நின்ன எடம்

போன வருசம் சித்திரையில ஸ்ரீவில்லிபுத்தூர் கிரவுண்டுல நடந்தது இது. எங்கண்ணன் செத்துப்போன பொறவு எங்க ராஜபாளையம் டீமு, அந்த ஊரு டீமோட ஆடுன மொத ஃபுட்பால் மேட்ச்சு.

அண்ணந்தான் எங்களுக்கு கோலி, கோல் காக்குறவன். காய்ச்சல்னு படுத்தான், எந்திரிக்கவே இல்ல. நாங்க ஆடுற ஆட்டமும் அவன் செல்லுல வெளிநாட்டு மேட்ச்சா பாத்துப் பாத்துக் கொண்டாந்ததுதான். பந்து நம்ம காலுலயே இருக்கணும். பறிகொடுத்தா பின்னால ஓடக்கூடாது, அந்த எடத்துலயே கூட்டமா விழுந்து பிடுங்கணும். அப்படி ஆடும்போது பின்வரிசையில பேக்கு ஆடுற நானும் நடுக்கோடு வரைக்கும் ஏறிருவேன். எங்களுக்குப் பின்னாடி கிரவுண்டே காலியாக் கெடக்கும். அதுக்குத்தான் அவன். கோல விட்டு வெளிய வந்து நின்னுக்கிட்டு, "ஏறுலே, பின்னாடி நான் இருக்கேன்"னு கத்திக்கிட்டே இருப்பான். எதிராளி தூக்கி அடிக்கிற பந்தையெல்லாம் ஓடிவந்து வெளிய தட்டிருவான்.

அன்னைக்கு கேப்டன் சொன்னாரு, கோலி புதுசு, ரொம்ப ஏறாம கொஞ்சம் பின்னாலயே நின்னு ஆடுவோம்னு. யாரும் கேக்கல. அண்ணன் ஆட்டத்த ஆடித்தான் செயிக்கணும், அம்புட்டுதான் எங்களுக்கு.

மொதப் பாதியில அவங்கள மூச்சு விட விடல. ஒரு கோலும் போட்டோம். வெளிய நின்ன ஆளுக, "ராஜபாளையத்து நாயி மாதிரில்ல வெரட்டுதானுவ"ன்னு சிரிச்சாங்க. எனக்கு அண்ணனும் கூட ஆடுற மாதிரியே இருந்துச்சு.

ரெண்டாவது பாதியில, வெயிலும் மில்லு ஷிப்ட்டும் சேந்து எங்களுக்கு காலு கனத்துப்போச்சு. ஒருத்தன் பிந்திப் போனாலும் இந்த ஆட்டம் ஓட்ட விழுந்த வாளிதான். அவங்க தூக்கி அடிச்ச பந்து எங்க தலைக்கு மேல போச்சு. நான் திரும்புனேன், ஓடல. அண்ணன் வருவான்னு காலு தன்னால நின்னுருச்சு. புதுக் கோலி பாவம், மத்த கோலிக மாதிரி கோலுக்குள்ளயே நின்னான், கோல் விழுந்துருச்சு. செத்த நேரத்துல அதே மாதிரி இன்னொண்ணு. தோத்துட்டோம்.

தரையிலயே உக்காந்துட்டேன். ரெண்டு கோலும் போட்ட அந்த ஊருப் பையன் தண்ணி பாட்டிலோட வந்து பக்கத்துல உக்காந்தான். "ஒங்கண்ணன் இருந்தா ரெண்டும் கோலே இல்லலே. எங்கிட்ட பந்தப் பிடுங்கிட்டு, வீட்டுக்குப் போலேன்னு எத்தன தடவ சிரிச்சிருக்கான்"னு சொல்லிட்டு அவனே அழுதுட்டான். அண்ணனத் தூக்குன அன்னைக்குக்கூட வராத அழுக எனக்கு அப்பத்தான் வந்துச்சு.

இன்னைக்கும் அதே ஆட்டந்தான் ஆடுதோம். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பாத்துக்கிடுதேன். அவன் இல்லன்னு ஒவ்வொரு தடவையும் புதுசாத் தெரியுது, தெரிஞ்சுதான் ஏறுதேன்.