செல்வியக்காவும் மேலே ஓடின கர்சரும்

சகாயசெல்வியக்கா டைப் அடிக்கும்போது திரையைப் பார்க்காது. கீபோர்டையும் பார்க்காது. எதிரே உட்கார்ந்து சொல்ற ஆளோட வாயைத்தான் பார்க்கும். முதல் தடவை வர்றவங்களுக்குக் கூச்சமா இருக்கும். பல்லுல கீரை ஏதும் ஒட்டியிருக்கோன்னு நாக்கால துழாவிப் பார்ப்பாங்க. அதுக்குள்ள அக்கா ரெண்டு வரி அடிச்சு முடிச்சிருக்கும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கிற ஜெரோம் ஜெராக்ஸ் கடையில அக்காவுக்கு இது இருபத்து நாலாவது வருஷம். பத்தாவதுல கணக்கு காலை வாரிடுச்சு. ஆனா தமிழ் டைப்புல ஹையர் பாஸ். கலெக்டருக்கு மனு, வாடகைப் பத்திரம், கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவா இருந்தாலும் நீங்க வாயத் திறந்தா போதும். வாயைப் பார்க்கிற பழக்கம் வீட்டுலயும் விடலை. பால் வேன் ஓட்டுற புருஷன் ராயப்பராஜ், "எங்க போயிருந்தீங்க?"ன்னு அக்கா கேட்டா உதட்டைக் கையால மூடிக்கிட்டுத்தான் பதில் சொல்வார். கொஞ்ச நாள்ல அதுவும் செல்லாம, பொய் சொல்றதையே விட்டுட்டார்.

அக்கா அடிச்சதை யாரும் படிச்சுப் பார்க்கிறது கிடையாது. முதலாளி ஜெரோமும் பார்க்கமாட்டான். அக்காவை விடப் பத்து வயசு சின்னவன், அப்பாகிட்ட இருந்து கடையை வாங்கி நடத்துறவன். "அக்கா அடிச்சதுல தப்புத் தேடுறது, மோர்ல எலும்பு தேடுற மாதிரி"ன்னு சொல்லிட்டு அப்படியே அனுப்பிடுவான். இந்த நல்ல பேருதான் ஒரு குடும்பத்துக்கே வினையாப் போகும்னு யாருக்குத் தெரியும்?

பத்திரிகை அடிக்க இப்ப ஒரு வெப்சைட் இருக்கு. சாமி பேருக்கு ஒரு பெட்டி, தேதிக்கு ஒரு பெட்டி, மண்டபத்துக்கு ஒரு பெட்டி. சொந்தக்காரங்களுக்கு மட்டும் ஒரு பெரிய பெட்டி. ஒரு பேரு, ஒரு என்டர். அடுத்த பேரு, அடுத்த என்டர். பார்க்கச் சாதுவா இருக்கும். ஆனா குடும்பத்தோட மொத்த மானமும் அந்தப் பெட்டிக்குள்ளதான். முதல்ல தாய்மாமன். அப்புறம் பெரியப்பா, சித்தப்பா, அத்தை. கடைசியில வாண்டுகள். இந்த வரிசை பிசகினா மண்டபத்துல சாம்பார் வாளி பறக்கும்.

புதன்கிழமை காலையில பிரவுசர் மூலையில ஒரு சின்னப் பட்டை எட்டிப் பார்த்து, அப்டேட் பண்ணலாமான்னு கேட்டுச்சு. ஜெரோமோட விரலுக்கு எதைக் கேட்டாலும் சரின்னு அமுக்குற வியாதி. அமுக்கிட்டான். செத்த நேரத்துல செம்பட்டியில இருந்து அழகுராஜா வந்தார். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பத்தொன்பது பேரையும் வரிசையாச் சொன்னார். அக்கா அவர் வாயைப் பார்த்து அடிச்சுச்சு. அவருக்கு முன்பல்லு ரெண்டும் லேசா விலகியிருக்கிறது வரைக்கும் பார்த்துச்சு. திரையில நடந்ததை மட்டும் பார்க்கலை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு தடவை என்டர் தட்டினதும் கர்சர் அடுத்த வரிக்கு இறங்கலை. ஒரே ஓட்டமா ஓடி, பெட்டியோட உச்சியில போய் நின்னு மினுக்குச்சு. அடுத்த பேரு உச்சியில விழுந்துச்சு. அதுக்கடுத்தது அதுக்கும் மேல. ஆக மொத்தம், மூணு மாசக் கைக்குழந்தை தலைமை தாங்க, தாய்மாமன் அடியில கிடந்தார்.

வெப்சைட்டே பத்திரிகையை அழகுராஜா போனுக்கு அனுப்பிடுச்சு. அவர் திறந்துகூடப் பார்க்காம குடும்ப குரூப்புல போட்டுட்டார். செல்வியக்கா அடிச்சதாச்சே.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடை வாசல்ல ஒரு புல்லட் வந்து உறுமிட்டு நின்னுச்சு. வெள்ளைச் சட்டை, முறுக்கின மீசை.

"யாருத்தா இங்க செல்வி?"

"நான்தாண்ணே. உக்காருங்க."

"உக்கார வரல. நேத்து எங்க மாப்ள அழகுராசா வந்து சொன்னாப்லல்ல? மொதப் பேரு யாரு பேரச் சொன்னாப்ல?"

"சுருளிவேல். தாய்மாமன்."

"அது நாந்தேன். போட்டுருக்கிறது எங்கேன்னு பாருங்க!"

அக்கா அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் தடவையாத் திரையைப் பார்த்துச்சு. பத்தொன்பதாவது வரி. அதுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை போன் நம்பர் மட்டும்தான். அக்கா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. நாப்பத்தாறு வயசாச்சு, மூளை குழம்ப ஆரம்பிச்சிருச்சோ?

"என் தப்புண்ணே. மன்னிச்சிருங்க."

இதைச் சொன்னதும் சுருளிவேல் அடங்கியிருக்கணும். ஆனா அவர் சிரிச்சார். நல்ல சிரிப்பு இல்லை.

"இங்க பாருத்தா. எம் மக கல்யாணப் பத்திரிகை நீங்கதான் அடிச்சீங்க. அறுபத்திரண்டு பேரு. ஒருத்தன் ஒரு படி மாறல. நீங்களாவது, தப்பாவது! மாப்ள சொன்ன வரிசையத்தான் அடிச்சிருக்கீங்க. இப்ப அவனக் காப்பாத்த நீங்க பழியத் தூக்கிக்கிறீங்க. நான் அந்தப் பத்திரிகைப் போட்டாவ அழிச்சிட்டேன், குரூப்ப விட்டும் வெளியேறிட்டேன். ஞாயித்துக்கிழம எவன் மடியில வேணா வச்சுக் குத்திக்கட்டும்."

தாய்மாமன் மடி இல்லாம அந்த வீட்டுல காதுகுத்து நடக்காது. அது அக்காவுக்கும் தெரியும். இருபத்து நாலு வருஷமா ஒவ்வொரு எழுத்தாச் சேர்த்து வச்ச நல்ல பேரு, இப்போ ஒரு அப்பாவி மனுஷனுக்கு எதிரா சாட்சிக் கூண்டுல ஏறி நிக்குது. அதை இறக்கணும்னா ஒரே வழிதான். இந்த மீசை கண்ணு முன்னாலயே அக்கா தப்பா அடிச்சுக் காட்டணும்.

"அண்ணே, நீங்களே வரிசையாச் சொல்லுங்க. நான் உங்க வாயப் பாக்குறேன். நீங்க திரையப் பாருங்க."

பெட்டியில இருந்ததை அழிச்சாச்சு. சுருளிவேல் தொண்டையைச் செருமிக்கிட்டு மொதல்ல தன் பேரைச் சொன்னார். கொஞ்சம் சத்தமாவே சொன்னார். உச்சியில ஏறுச்சு. மீசையில ஒரு திருப்தி. அடுத்து அழகுராஜாவோட அண்ணன் முனியப்பன் பேரு. அது சுருளிவேல் தலைமேல உக்காந்துச்சு. அடுத்த பேரு. இன்னொரு படி இறங்கினார்.

"ஏய்... ஏய்... இறங்குறேன்யா! புடிங்கய்யா!"

ஆனா சந்தேகம் போகலை. "நீங்க வேணும்னே பண்றீங்க. விரல்லதான் வித்தை எல்லாம்."

அப்பதான் ஜெரோம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தான். "நேத்துக் காலைல பிரவுசர் அப்டேட் ஆச்சுக்கா. அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒத்துவரல போல. ஜெராக்ஸ் பக்கத்து கம்ப்யூட்டர் இன்னும் பழசுதான். அதுல அடிச்சுப் பாருங்க."

அதுல அடிச்சாங்க. அதே பேரு, அதே விரல். சுருளிவேல் மேல, முனியப்பன் கீழ. எல்லாரும் அவங்கவங்க இடத்துல ஒழுங்கா நின்னாங்க. சுருளிவேல் முகம் அப்படியே இளகிச்சு. "அப்ப மாப்ள என்னைய இறக்கல. இந்தக் கருமம்தான் இறக்கியிருக்கு!"

அக்கா மூச்சு விட்டுச்சு. கையும் தப்பலை, மூளையும் தப்பலை. அந்த நேரம் பார்த்து மூலையில ஒரு பட்டை எட்டிப் பார்த்து, அப்டேட் பண்ணலாமான்னு கேட்டுச்சு. யாரும் தடுக்கிறதுக்குள்ள ஜெரோமோட விரல் போய் அமுக்கிடுச்சு.

"தம்பீ!"

எல்லாம் மூடி, மறுபடி திறந்துச்சு. அக்கா ரெண்டு பேரு அடிச்சுப் பார்த்துச்சு. கர்சர் உச்சிக்கு ஓடுச்சு. இப்ப கடையில இருக்கிற ரெண்டு கம்ப்யூட்டரும் தலைகீழ். சுருளிவேல் ஸ்டூல்ல உக்காந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். இது நல்ல சிரிப்பு.

"சரித்தா. இப்ப என்னைய எப்படி மேல ஏத்துவீங்க?"

"அடியில இருந்து சொல்லிட்டு வாங்கண்ணே. வாண்டுகள்ல ஆரம்பிச்சு கடைசியா உங்க பேரு. தானா மேல போயிரும்."

ஜெரோம் வாயைத் திறந்தான். நேத்து அடிச்ச பத்திரிகையை வெப்சைட் அவன் போனுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருந்துச்சு. பார்த்து அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை. மேஜைக்கு அடியில அக்கா அவன் காலை நச்சுன்னு மிதிச்சுச்சு. அவன் வாயை மூடிக்கிட்டான். சொல்லப்போனா அக்காவுக்குப் பத்தொன்பது பேரும் மனப்பாடம்.

"சொல்லுங்கண்ணே. கடைசி வாண்டு."

"அந்தக் கைக்கொழந்த... பாப்பா."

"பாப்பான்னு போட முடியாதுண்ணே. பேரு?"

"அதுக்கு மேல குண்டுப்பய. எந் தங்கச்சி தமிழ்மதியோட மூத்தவன்."

"குண்டுப்பயன்னும் போட முடியாதே."

"அவன் பேரே அதான்த்தா. அஞ்சு வருசமா அப்படித்தேன் கூப்புடுறேன். திரும்பிப் பாக்குறான்ல?"

"பள்ளிக்கூடத்துப் பேரு வேணும்ணே."

சுருளிவேல் மீசையை ஒரு பக்கம் இழுத்தார். மறுபக்கம் இழுத்தார். மீசைக்குள்ள பேரு இல்லை. "அப்ப மாப்ளைக்குப் போன் போடணுமா?"

"வேற யாருக்குண்ணே தெரியும்?"ன்னு கேட்டுச்சு அக்கா. பூசை முடிஞ்சு இப்பதான் கோயில்ல இருந்து வர்ற மாதிரி ஒரு முகம்.

அவர் போனையே கொஞ்ச நேரம் முறைச்சார். அப்புறம் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினார். ஒரு தடவ மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டாங்க.

"மாப்ள."

அந்தப் பக்கம் அழகுராஜா குரல் இறங்கியிருந்துச்சு. "...மச்சான்?"

"குண்டுப்பய பேரு என்ன?"

"எதுக்கு மச்சான்?"

"எதுக்குன்னு சொன்னாத்தேன் சொல்லுவியளோ? பத்திரிகைல போடத்தேன்."

போனை யாரோ பிடுங்குற சத்தம். "அண்ணே! சாப்டியா?"

"அது கெடக்கட்டும் தமிழு. உம் மகன் பேரச் சொல்லு."

"லித்விக்ராஜ்ண்ணே."

"இத எவன் வச்சான்?"

"நீதாண்ணே. அன்னைக்கு அவன் காதுல மூணு தடவ சொன்னியே."

ஜெரோம் சிரிப்பை அடக்கத் தாள் கட்டைப் பிரிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டான்.

அப்புறம் வேலை ஓடுச்சு. தமிழ்மதி ஒவ்வொரு பேரா போன்ல சொல்ல, சுருளிவேல் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்க, அக்கா அவர் வாயைப் பார்த்து அடிச்சுச்சு. கைக்குழந்தை, லித்விக்ராஜ், இன்னும் நாலு வாண்டுகள், அத்தைங்க, சித்தப்பாங்க, பெரியப்பாங்க. ஒவ்வொரு என்டருக்கும் கர்சர் மேல ஓடுச்சு. எல்லாரும் ஒரு படி இறங்கி அடுத்த ஆளுக்கு இடம் விட்டாங்க. பதினெட்டு பேரு ஆச்சு.

இன்னும் ஒரே ஒரு பேரு. அக்கா விரலை எழுத்து மேல வச்சுக்கிட்டு அவர் வாயைப் பார்த்துச்சு.

வாய் ஓயலை. ஆனா பேரு வரலை. "தோடு நேத்தே வாங்கி வச்சிட்டேன் தமிழு. மாப்ள கோவமா இருக்காப்லயா? குடு அவர்ட்ட. மாப்ள, பந்தலுக்கு வாழ மரம் எங்க தோப்புலயே வெட்டிக்கலாம், வெலைக்கு எதுக்கு? அந்தப் பயலப் பேச விடு செத்த. ஏலே லித்து... லித்வி... ஏலே குண்டுப்பயலே, மாமன்டா!"

ஜெரோம் மெதுவாக் குனிஞ்சு அக்கா காதுல சொன்னான். "அவரு பேருதானக்கா பாக்கி? நாமளே அடிச்சு முடிச்சிருவோமா?"

அக்கா கண்ணை எடுக்காம வேண்டாம்னு தலையை மட்டும் ஆட்டுச்சு. "இரு தம்பி. பேசிக்கிட்டிருக்காருல்ல."