மீன் படம்

ஞானசிகாமணி அண்ணாச்சி கட்டைவிரல் நகத்தால் லேபிளை உரிப்பதைப் பார்க்க வேண்டும். கிழியாது, மீன் படம் முழுசாக வந்துவிடும். சேரன்மகாதேவியில் அவருடைய மருந்துக்கடைக்கு வரும் அக்கிரகாரத்துக்காரர்களுக்காக அவரே கண்டுபிடித்த மரியாதை இது. மீனெண்ணெய் மாத்திரைக்கு அங்கே 'மஞ்சள் முத்து' என்று பெயர். மீன் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், இவரும் சொல்ல மாட்டார். "கும்பிடுத சாமி வேறன்னா என்னவே, இருமல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பார்.

ஆள் ஒல்லி. சட்டைப்பையில் நாலு பேனா, ஒன்றும் எழுதாது. "சாப்ட்டாச்சா?" என்று கேட்காமல் தலைவலி மாத்திரைகூடத் தர மாட்டார். இத்தனை கேட்கிற மனுஷன், மஞ்சள் முத்து வாங்குகிறவர்களிடம் மட்டும் "யாருக்கு?" என்று கேட்டதில்லை.

தொண்ணூற்றாறு ஆடியில் வாலாம்பாள் மாமி மூன்றாவது புட்டிக்கு வந்தார். அண்ணாச்சி வழக்கம்போல் உரித்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணு ப்ரீதாவுக்கு நாலு மாசம் ஆறதோன்னோ. பிறக்கப்போறதுக்குக் கண்ணு நன்னா இருக்கட்டும்னு நாந்தான் தினம் ரெண்டு குடுக்கறேன். டாக்டர் குடுத்த சத்து மாத்திரையும் சாப்பிடறா."

அண்ணாச்சிக்குக் கை நின்றுவிட்டது. விரலில் ஒட்டியிருந்த லேபிளைத் திருப்பினார். மீனுக்குக் கீழே பொடி எழுத்து: கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

"அட பாவி, நானுல்லா உரிச்சுப் போட்டேன்! மாமி, இது மீன் ஈரல்ல எடுக்க எண்ணெய். வைட்டமின் ஏ நெறைய உண்டு. சத்து மாத்திரையிலயும் அது இருந்தா, ரெண்டும் சேந்து கூடிப்போனா பிள்ளைக்கு ஆகாது. இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீய. டாக்டரம்மாட்ட இப்பமே போவோம்."

நடுப்பகலில் கடையை அடைத்து, தாயோடும் மகளோடும் பாளையங்கோட்டை பஸ் ஏறினார். இரண்டு மருந்தையும் பார்த்த டாக்டரம்மா, அளவு மிஞ்சிப் போகவில்லை, மஞ்சள் முத்தை இதோடு நிறுத்துங்கள் என்றார். அண்ணாச்சிக்கு அது போதவில்லை. ஐந்து மாதம் பயந்துகொண்டே இருந்தார். தை பிறந்ததும் பேத்தி பிறந்தாள், ஒரு குறையுமில்லை என்று மாமி வந்து சொன்ன அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுவாரம் பள்ளிக்கூடத்துப் பட்டாபி சார் மஞ்சள் முத்து கேட்டார். பழக்கதோஷம், நகம் லேபிள் ஓரத்துக்குப் போய்விட்டது.

"யாருக்கு சார்?" என்றார் அண்ணாச்சி. கையை இழுத்துக்கொண்டு, மீன் படம் சாரைப் பார்க்கும்படி புட்டியைத் திருப்பி வைத்தார்.