வாய் சேராத காப்பு

அந்தப் பண்ணையாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது. பனவடலிசத்திரத்தில் அவர் வீட்டுக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது என் அம்மையின் வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு கோடையில் குழந்தையின் தங்கக் காப்பு ஒன்றைக் காணோம். அம்மைதான் எடுத்தாள் என்றார். இல்லை என்று அழுதவளைச் சங்கரன்கோவிலுக்கு இழுத்து வந்து, அம்மன் சன்னதி முன்னால் உள்ளங்கையால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அந்த ஐப்பசியில் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். “பொய்ச் சத்தியம்லா, புருசனையே கொண்டுட்டுப் போயிட்டு” என்று ஊரெல்லாம் சொன்னார் பாவி மனுசன். அதற்குப் பிறகு அம்மை கோவிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

எண்பதுகளில் நான் சங்கரன்கோவிலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பத்திரிகையில் வந்த சர்க்யூட்டைப் பார்த்து, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்றைச் செய்தேன். கேள்விப்பட்டுப் பண்ணையாரே ஆள் அனுப்பினார். அவர் வீட்டுப் பின்கட்டில் புதையல் இருக்கிறதாம்! நான் யார் மகன் என்று தெரிந்தும் கூப்பிட்டார், பேராசை. உடனே கிளம்பினேன். நான் தேடப் போனது வேறு.

மெஷின் செய்வது இதுதான். கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுச் சடாரென்று நிறுத்தும். அப்போது கீழே கிடக்கும் உலோகத்துக்குள் மின்சாரம் தானாகச் சுழன்று, மெல்ல அடங்கும். மெஷின் கொஞ்சம் பொறுத்து, அடங்காத மிச்சத்தைக் கேட்டு இரையும். ஒரு பித்தளை வளையலை வைத்துச் சோதித்திருந்தேன். கணீரென்று கேட்டது.

பின்கட்டு முழுக்கத் தேடினேன். மாட்டு லாடம் கிடைத்தது, உடைந்த ஏர்க்கொழு கிடைத்தது. அம்மை அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டிய கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன், சத்தமே இல்லை. வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது.

“ஏலே, ஒங்க அம்மை மாதிரியே நீயும் வெறுங்கையத்தான் காட்டுத!” என்றார் பண்ணையார்.

மெஷினை அவர் தலையில் போட்டிருப்பேன். அப்போதுதான் அவர் மருமகள் இடுப்பில் இருந்த பிள்ளையின் காப்பு கண்ணில் பட்டது. அடச்சே! நான் சோதித்த வளையல் முழு வட்டம்; பிள்ளைக் காப்புக்கு இரண்டு முனையும் சேராது, விரித்துத்தான் போடுவார்கள். இடைவெளி இருந்தால் மின்சாரம் வட்டமடிக்க முடியாது. தங்கத்தின் கனத்துக்குள்ளேயே சின்னதாகச் சுழன்று சட்டென்று செத்துவிடும். அது செத்த பிறகுதான் என் மெஷின் காது கொடுத்திருக்கிறது. முன்னாலேயே கேட்கும்படி மெஷினின் குமிழைத் திருகினேன்.

கல்லின் ஓரத்தில் லேசாக முனகியது. ஒரு சாண் தோண்டினேன். கோடையில் வெடித்த கரிசல் விழுங்கிய காப்பு மண்ணோடு வந்தது.

“கொண்டாலே, எங்க வீட்டு நகை” என்று கை நீட்டினார்.

“தாரேன். சூடம் அணைச்ச எடத்துக்கு வாரும், அங்கன வச்சுத் தாரேன்.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவரால் மறுக்க முடியவில்லை.

அம்மையையும் சன்னதிக்குக் கூட்டி வந்தேன். காப்பைப் பார்த்தாள், தொடவில்லை.

“நடந்தது நடந்துட்டு, விட்டுரு தாயி” என்றார் பண்ணையார்.

“காப்பு கெடக்கட்டும். எம் புருசன் என் சத்தியத்தால சாகலன்னு சொல்லும்வே.”

அதுவரை அவரை மொதலாளி என்று மட்டுமே கூப்பிட்டவள் அவள். அவர் முணுமுணுத்தார்.

“சத்தமா.”

சொன்னார்.

“இன்னும் சத்தமா.”

கூட்டம் நெருங்கி வந்தது. அவர் தொண்டை கட்டும் வரை அம்மை போதும் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.